தயாபரனின் பதினெட்டு இடங்கள்

பதினெட்டு இடங்கள் என்று தயாபரன் எழுதியிருந்தான். சித்திரைப் புத்தாண்டு லீவில் இரண்டு நாள் பயணம். பூனாகலையில் விடியும் முன்னே வேன் ஏறி, கொஸ்லாந்தை வழியாக இறங்கி, வெல்லவாயாவையும் தணமல்விலையையும் தாண்டி, அம்பாந்தோட்டையில் கடலைத் தொட்டு, பிறகு கரையோரமாகவே காலிக் கோட்டை வரைக்கும் போய்த் திரும்புவது. ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் குறித்திருந்தான். நீர்வீழ்ச்சி, இருபது நிமிஷம். பாறையைத் துளைத்துக்கொண்டு கடல்தண்ணீர் மேலே பீறிடுகிற இடம், நாற்பது நிமிஷம். கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள், பதினைந்து நிமிஷம், போட்டோ மட்டும். கடைசியில் காலி வெளிச்சவீடு, பொழுது சாய்கிற நேரம், ஒரு மணித்தியாலம்.

தயாபரனுக்கு இருபத்தாறு வயது. பண்டாரவளையில் ஒரு போன் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்து லயவீடுகளில் உள்ள எல்லாப் போனுக்கும் பட்டியலை அனுப்பியதோடு நிற்காமல், பெரிய எழுத்தில் அச்சடித்துப் பிள்ளைக் காம்பராவின் கதவிலும் ஒட்டிவிட்டான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே ஒட்டினால் யார் கண்ணுக்கும் தப்பாது.

கலாராணி அந்தக் கதவின் முன்னால் நின்று பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரமும் கீழிருந்து மேலே ஒரு தரமும் வாசித்தாள். தயாபரன் அவள் கணவன் சின்னராசாவின் தம்பி. கொழுந்தன் கெட்டிக்காரன்தான், பட்டியலும் நல்ல பட்டியல்தான். ஆனால் அவள் தேடியது அதில் இல்லை.

அவள் தேடியது, ஒண்ணுக்குப் போக ஓர் இடம். இதை நான் வேறு எப்படிச் சொல்வது, பிள்ளைகளே? சுற்றி வளைத்தால் கதை நகராது. பதினெட்டு இடத்திலும் பார்ப்பதற்கு ஏதாவது இருந்தது. ஒரு பெண்பிள்ளை நாலு நிமிஷம் மறைவாகப் போய்வர ஏதாவது இருக்கிறதா என்று யாரும் எழுதவில்லை.

தயாபரனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுத் தேயிலை நிரையில் இறங்குகிற பெண்கள், மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வருகிற வரை எங்கேயும் ஒதுங்குவதில்லை. மலையில் ஆண்கள் தேயிலைப் பக்கம் திரும்பினால் முடிந்தது. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். பக்கத்து லயத்து அங்கம்மாவுக்கு இதில் பெருமைகூட உண்டு. அறுபது வயதாகியும் இன்னும் கிலோக் கணக்கில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறவள். மூன்று பிள்ளை பெற்றும் மலையில் ஒரு நாள் குந்தியதில்லை என்று, பதக்கம் வாங்கியவளைப் போலச் சொல்லுவாள். அதனால் தயாபரன் வேன் பயணத்தையும் அதே அளவில் வெட்டினான். காலையில் ஏறினால் மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கலாம். நம் பெண்களுக்குத்தான் பழக்கமாயிற்றே.

கலாராணியும் அப்படிப் பழகியவள்தான், போன வருஷம் வரைக்கும். போன ஆடியில் கதிர்காமத்துக்கு வேனில் போனார்கள். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் போனாள், அப்படியே வந்தாள். திரும்பும் வழியில் வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குத்து. வீட்டுக்கு வந்ததும் குளிர் காய்ச்சல். சின்னராசா அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனான். பதினொரு நாள் கிடந்தாள். கல் என்றார்கள், கிருமி என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “நெறையத் தண்ணி குடிங்கம்மா. வந்தா அடக்காதீங்க. இன்னொரு தரம் இப்பிடி வந்தா ஒரு கிட்னியக் காப்பாத்த ஏலாமப் போகும்.”

அன்றிலிருந்து கொழுந்துக்கூடைக்குள் ஒரு போத்தல் கிடக்கிறது. மலையில் அவள் ஒதுங்குகிறாள். மற்றவர்கள் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள், பார்க்கவும் செய்கிறார்கள்.

அப்படியென்றால் போகாமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சின்னராசாவும் அதைத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினொரு நாளும் தூங்காமல் இருந்தவன், அந்தப் பயம் அவனுக்கு. “கடல் எங்கயும் ஓடிறாது கலா. இன்னொரு வருஷம் பாத்துக்கலாம்” என்றான். அவள் அடுப்பை ஊதினாள். நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

கடல் ஓடாதுதான். ஆனால் உச்சி மலையில் அவள் நிரை தெற்கைப் பார்த்தது. மழை பெய்து வெளுத்த காலையில், கீழே வெல்லவாயாக் காடெல்லாம் தாண்டி, வானம் முடிகிற இடத்தில் ஊசி அகலத்துக்கு ஒரு மினுக்கம் தெரியும். இருபத்துநான்கு வருஷமாக அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறாள். அது கடல் என்பது அவள் கட்சி. அது ஏதோ ஒரு குளம் என்பது அங்கம்மாவின் கட்சி. இந்த வழக்குக்கு ஒரு முடிவு தெரியாமல் இன்னொரு வருஷம் அந்த நிரையில் நிற்க அவளால் ஆகாது. வேனில் இடம் பதினான்கு. அவள் வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு மேல் டிவிஷனில் ஆள் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒரு வாரம் அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பட்டியலில் இருந்த நிமிஷங்களை விரலில் கூட்டிப் பார்த்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே பெரிய போத்தல் நிறையக் குடித்துவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டு அரிசி புடைத்தாள், துணி மடித்தாள், மடித்த துணியை மறுபடி மடித்தாள். ஒரு மணி பத்து நிமிஷம் தாங்கியது. தயாபரன் கணக்கில் வெல்லவாயாவுக்கு அப்பால் மூன்றரை மணி நேரம் ஒதுங்க ஒன்றுமே இல்லை.

கொழுந்தனிடம் நேரே கேட்டால் என்ன? கேட்கலாம். ஆனால் அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அவள்தான் அவனுக்குச் சோறூட்டினாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். இப்போது மீசையும் கடை உடுப்புமாக நிற்கிறவன் முன்னால் அந்தச் சொல் வாயில் வரமாட்டேன் என்றது.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வேன் பதுளை பஜாரைச் சேர்ந்த ஸனூஸ் நானாவுடையது, அவரேதான் ஓட்டுவார். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் என்று கேள்வி. பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் நிற்பார். பள்ளியென்றால் தண்ணீர் இருக்கும், கழுவ இடம் இருக்கும், கேட்டால் பெண்களுக்கும் ஒரு பக்கம் காட்டுவார்கள். டிரைவர் நானா தொழுகைக்கு நேரம் போட்டிருக்கிறாயா, பாவம் இல்லையா என்று தயாபரனிடம் கேட்டாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு அப்போதே போன் எடுத்தான். பேசி முடித்து, சிரித்த முகத்தோடு வந்தான். பயணக்காரருக்குச் சலுகை உண்டாம், மத்தியானத் தொழுகையையும் பின்னேரத் தொழுகையையும் சேர்த்து ஒரே இடத்தில் முடித்துக்கொள்வாராம். சாப்பாட்டுக்கு நிற்கிற இடத்திலேயே சரியாகிவிடும், பட்டியலில் ஒரு நிமிஷம்கூட மாறாது.

“நல்ல வேளை ஞாபகப்படுத்துனீங்க அண்ணி” என்றான்.

வெள்ளிக்கிழமை அடுத்த யோசனை. தனக்கு ஒரு நேர்த்தி இருப்பதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம், போகிற வழியில் பிள்ளையார் எங்கே இருந்தாலும் இறங்கித் தேங்காய் உடைக்க வேண்டுமாம். சாமி காரியத்துக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? தயாபரன் முனகிக்கொண்டே சேர்த்தான். ஆனால் தேடிப் பார்த்ததில் வெல்லவாயா வரைக்கும்தான் பிள்ளையார் இருந்தார், மூன்று இடத்தில். அதற்கப்பால் கரையோரத்தில் அவனுக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அன்று சாயந்திரம் சின்னராசா பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நேர்த்தி, எப்போது வேண்டினாய் என்று மெதுவாகக் கேட்டான். பதினொரு நாளும் பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரியாமல் ஒரு நேர்த்தியா? அவள் பீலிக்குப் போவதாகச் சொல்லி எழுந்தாள். குடம் நிறைந்துதான் இருந்தது. சாமி பெயரில் பொய் சொல்லியும் பாதி வழிக்குத்தான் உதவியது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பரா வராந்தாவில் எல்லாரும் கூடினார்கள். பாதை எப்படி என்று பார்க்க ஸனூஸ் நானாவும் வேனோடு ஏறி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி, காதில் ஒரு பேனை. தயாபரன் பட்டியலைச் சத்தமாக வாசித்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்கள் தலையாட்டினார்கள். மூன்று பிள்ளையார் வந்ததும் நிறுத்தி, இது அண்ணியுடைய நேர்த்தி என்று சொன்னவன், வெல்லவாயாவுக்கு அங்கிட்டுப் போகப் பிள்ளையாருக்கு விசா கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸனூஸ் நானா சிரிக்கவில்லை. கலாராணியின் பக்கம் திரும்பி, நேர்த்தி என்றால் கட்டாயம் நிறுத்துவேன், தேங்காய் உடைக்கிறது எத்தனை நிமிஷம் என்று சொன்னால் போதும் என்று மரியாதையாகக் கேட்டார்.

அந்த மரியாதைதான் அவளைக் கவிழ்த்தது. வேறு சாமியைக் கும்பிடுகிற மனிதர் தன் சாமிக்கு நேரம் ஒதுக்கக் கேட்கிறார், தானோ அந்தச் சாமியை மறைப்புத் துணியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவள் எழுந்தாள்.  தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“நேர்த்தி எல்லாம் இல்லைங்க” என்றாள். “எனக்கு ஒண்ணுக்குப் போகணும்.”

 ஸனூஸ் நானா பதறிப்போய்ப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

“போயிட்டு வாங்களேன் தங்கச்சி. நாங்க இரிக்கம் தானே.”

“இப்ப இல்லைங்க. வழியில. மணிக்கொருக்கா. அடக்குனா செத்துருவேன்னு டொக்டர் சொல்லியிருக்காங்க. இடமில்லாட்டி நான் வரல. ஆனா எனக்குக் கடல் பாக்கணும்.”

இளவட்டங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அங்கம்மாதான் முதலில் வாய் திறந்தாள். இதையெல்லாமா சபையில் பேசுவது, ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் வெட்கம் வேண்டாமா என்று வெடித்தாள். மலையில் தான் இருந்த இருப்பைப் பற்றி மறுபடி ஒரு தரம் சொன்னாள். மற்றப் பெண்கள் ஒருத்தியும் கலாராணியைப் பார்க்கவில்லை. தயாபரனின் காது சிவந்துவிட்டது.

ஸனூஸ் நானா மட்டும் காதிலிருந்த பேனையை எடுத்தார். தயாபரனின் கையிலிருந்த தாளை வாங்கி, மறுபக்கம் திருப்பி, முழங்காலில் வைத்துக்கொண்டார். தன் மனைவி நளீராவுக்குப் பத்து வருஷமாகச் சீனி வருத்தம் என்றும், முக்கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தாமல் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்றும் சொன்னார். அம்பாந்தோட்டைப் பாதையில் எந்தப் பெட்ரோல் செட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்தக் கடையில் சாவியை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டும், எந்தப் பள்ளியில் பெண்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்காமல் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டயருக்குக் காற்றுப் பார்ப்பதைப் போல இதையும் தானே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பின்பக்கத்தில் ஒன்பது இடங்கள் சேர்ந்தன.

எழுதி முடித்தவர் நேரத்தைக் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இப்படிப் போனால் பொழுது சாய்வதற்குள் காலிக்குப் போக முடியாது. வெலிகமையோடு திரும்ப வேண்டிவரும்.

தயாபரன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். வெளிச்சவீட்டுக்காகவே அவன் இந்தப் பயணத்தைக் கட்டியிருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் அந்த மதிலில் நின்று எடுக்க வேண்டிய போட்டோவை மாதக்கணக்கில் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

 சின்னராசா தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“வெளிச்சவீட்ட வெட்டு தம்பி.”

அதற்குப் பிறகு பயண நாள் வரைக்கும் தயாபரன் அண்ணியோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை அவனே போட்டு எடுத்துக்கொண்டான். கலாராணிக்கு ஒவ்வொரு நாளும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. துணிப்பையைக் கட்டினாள், அவிழ்த்தாள். தன் ஒரு வயிற்றுக்காகப் பதின்மூன்று பேரின் வெளிச்சவீடு போயிற்றே என்று நினைப்பாள். அடுத்த நிமிஷம் உச்சி மலை மினுக்கம் ஞாபகம் வரும், மறுபடி கட்டுவாள். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயந்திரம் அங்கம்மா வாசலில் வந்து நின்று, தான் நாலு மணியோடு தண்ணீரை நிறுத்திவிட்டதாக அறிவித்துவிட்டுப் போனாள். மற்றப் பெண்களும் நிறுத்தியிருந்தார்கள். அவள் மட்டும் இரண்டு பெரிய போத்தல் நிரப்பினாள்.

பின்பக்கத்தில் எழுதிய முதல் இடமான வெல்லவாயாப் பெட்ரோல் செட்டில் வேன் நின்றது. ஒருத்தியும் அசையவில்லை. கலாராணி மட்டும் எல்லாருடைய முழங்காலையும் தாண்டி இறங்கினாள். கட்டடத்தின் பின்பக்கம் வரை முப்பதடி இருக்கும். முதுகில் பதின்மூன்று பேரின் கண்ணைச் சுமந்துகொண்டு நடந்தாள். கொழுந்துக்கூடை அதைவிட லேசு. திரும்பி வந்தபோது தயாபரன் கதவருகில் போனைப் பார்த்தபடி, ஏழு நிமிஷம் என்று யாருக்கும் இல்லாமல் சொன்னான்.

தணமல்விலைக் கடையிலும் அவள் ஒருத்திதான். கடைக்காரச் சிங்கள அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, நளீராவின் சுகத்தை ஸனூஸ் நானாவிடம் விசாரித்தாள். வேனுக்குள் வெக்கை ஏறிவிட்டது. பூனாகலைக் குளிரில் வளர்ந்த உடம்புகளுக்கு அது அடுப்படிக்குள் உட்கார்ந்ததைப் போல இருந்தது. ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். அங்கம்மாவின் உதடு வெளிறிப் பொருக்குத் தட்டியிருந்தது. ஆனாலும் நேரே பார்த்துக்கொண்டு விறைப்பாக இருந்தாள்.

லுணுகம்வெஹரக் குளம் வந்தபோதுதான் அங்கம்மாவுக்கு உயிர் வந்தது. பாதையோரத்து மரங்களுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. அங்கம்மா கலாராணியின் தொடையில் தட்டினாள்.

“பாத்துக்கடி உன் கடல. நான் அப்பவே சொன்னேன்ல.”

வேன் முழுக்கச் சிரித்தது. தயாபரனும் சிரித்தான். கலாராணியும் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் முடியவில்லை. உச்சி மலையிலிருந்து இருபத்துநான்கு வருஷம் பார்த்தது இந்தக் குளத்தைத்தானா? இதற்கா வெளிச்சவீட்டை வெட்டச் செய்தாள்? போத்தலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள், மறுபடி திறந்தாள். சின்னராசா பின்சீட்டிலிருந்து எட்டி அவள் தோளைத் தொட்டு, குடி என்று தலையாட்டினான். குடித்தாள்.

அம்பாந்தோட்டையை நெருங்குகையில் அங்கம்மா நெளியத் தொடங்கினாள். கலாராணி கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கை அவள் மடிக்கு வந்தது.

“ஏ கலா, அந்தப் போத்தல இப்பிடிக் குடு. தொண்டை ஒட்டிக்கிச்சு” என்றாள் அங்கம்மா. ஒரு மிடறில் நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. பாதிப் போத்தல் காலியானது. பார்த்துக்கொண்டிருந்த பின்சீட்டுப் பெண்களில் ஒருத்தி மற்றப் போத்தலைக் கேட்டாள்.

மூன்றாவது நிறுத்தம், பாதையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு சின்னப் பள்ளிவாசல். தயாபரனின் பட்டியலில் இல்லாதது, ஸனூஸ் நானாவின் பின்பக்கத்தில் இருந்தது. கடல் என்று தயாபரன் எழுதிய முதல் இடம் இன்னும் பதினொரு கிலோமீற்றர் தள்ளி இருந்தது. வேன் நின்றதும் கலாராணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அங்கம்மாவும் இறங்கினாள். கால் மரத்துப்போயிற்று, சும்மா நடக்கத்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, நாலு பேர். எல்லாருக்கும் கால் மரத்திருந்தது.

பெண்கள் பக்கம் கட்டடத்தின் பின்னால் இருந்தது. சீமெந்து நடைபாதை, வரிசையாய்க் குழாய்கள், தாழ்ப்பாள் உள்ள இரண்டு கதவுகள். கலாராணி முதலில் போய்வந்து, குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் வழிகிற கண்ணோடு நிமிர்ந்தாள். எதிரே இடுப்பளவு மதில். மதிலுக்கு அப்பால் பற்றை, கொஞ்சம் மணல், அதற்கு அப்பால்.

அதற்கு அப்பால் கரை இல்லை. குளத்துக்கு ஒரு மறுகரை இருந்தது, இதற்கு இல்லை. அது நகர்ந்துகொண்டிருந்தது. ஓயாமல் புரண்டு புரண்டு வந்தது, வந்த இடத்தில் நிற்கப் பிடிக்காததைப் போல உடனே திரும்பியது, மறுபடி வந்தது. ஒரு வாரமாகப் பீலிக்கும் வீட்டுக்கும் நடந்த தன் நடையை அவள் நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. கண்ணும் எரிந்தது, உப்புக்காற்றாக இருக்கும். திரும்பி வடக்கே பார்த்தாள். மலை தெரியவில்லை, வெறும் வெயில் புகை. உச்சி மலையிலிருந்து தெரிவது இதுவா, அந்தக் குளமா என்று இங்கே நின்று சொல்ல முடியாது. மேலே போய் மறுபடி பார்க்க வேண்டும்.

முன்பக்கம் ஹோர்ன் அடித்தது. ஸனூஸ் நானாவாக இருக்காது, தயாபரனின் கையாக இருக்கும்.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளேயிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. இதுவரை கலாராணி கேட்டிராத, சின்னக் குரல்.

“கலா, இருக்கியாடி? விட்டுட்டுப் போயிறாதீங்க.”

“இருக்கேன்க்கா. மெதுவா வாங்க.”

ஹோர்ன் மறுபடி அடித்தது. கலாராணி மதிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். வேனில் இருக்கிறவர்களுக்கு இன்னும் கடல் தெரியாது. சொல்லிக்கொள்ளலாம், ஏழு நிமிஷத்துக்குப் பிறகு.